டிவியிலேயே நேரலையை நிறுத்தலாம், பதியலாம்: பினாங்கு வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ரிமோட்டில் நேரலையை நிறுத்திவைக்க இரண்டு கோடு போட்ட பட்டன் இருக்கிறது. அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, அல்லது ‘இந்த வசதி இப்போது இல்லை’ என்று திரையில் ஒரு வரி வந்து மறைகிறது. புது டிவி வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பெரும்பாலும் டிவியில் கோளாறு எதுவும் இருக்காது. படம் எந்த வயர் வழியாக உள்ளே வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிவியால் தன்னுடைய சொந்த ட்யூனர் (ஏரியல் அலையைப் பிடித்துப் படமாக்கும் பகுதி) வழியாக வரும் ஒளிபரப்பை மட்டுமே நிறுத்திவைக்கவும் பதியவும் முடியும். அதாவது, ஏரியல் வயர் நேராக டிவியின் பின்பக்கத்தில் ஏறியிருக்க வேண்டும். ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் பெட்டியோ, ஏரியல் அலையைப் பிடிக்கும் தனிப் பெட்டியான டிகோடரோ, நெட்பிளிக்ஸோ, யூடியூபோ ஓடிக்கொண்டிருந்தால் டிவியின் பதிவு வசதி வேலை செய்யாது. நம் வீடுகளில் தமிழ் அலைவரிசைகள் பெரும்பாலும் செயற்கைக்கோள் பெட்டி வழியாகத்தான் வருகின்றன. அதனால்தான் இந்தக் குழப்பம் நம்மவர்களிடம் அதிகம்.

காரணம் எளிது. டிஜிட்டல் ஒளிபரப்பு நிலையத்திலிருந்து கிளம்பும்போதே சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. நல்ல எச்டி அலைவரிசை ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1 எம்பி என்ற கணக்கில் அது ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. டிவி அதைத் தொடாமல், வந்தது வந்தபடி, அதன் யூஎஸ்பி போர்ட்டில் நாம் செருகும் டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. பதிந்த படம் நேரலையில் வந்த அதே தரத்தில் இருப்பது இதனால்தான். பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளில் வருவதோ விரித்துப் போட்ட படம். 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படச்சட்டகம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 3 கிகாபிட் வரும். அதைத் திரும்பச் சுருக்கிப் பதியும் சில்லு வீட்டு டிவியில் கிடையாது. போதாக்குறைக்கு எச்டிஎம்ஐயில் நகல் தடுப்புப் பூட்டும் உண்டு.

இதில் இன்னொரு சிக்கல். சில வீடுகளில் டிவி ரிமோட்டின் அதே பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் படம் நின்றுவிடும். டிவிதான் நிறுத்தியது என்று நினைத்துவிடக் கூடாது. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவி அந்தக் கட்டளையைப் பெட்டிக்குக் கடத்துகிறது, நிறுத்துவது பெட்டிதான். பெட்டியில் அந்த வசதி இல்லையென்றால் டிவியில் எத்தனை டிஸ்க் செருகினாலும் பயனில்லை.

ஆக, டிவியில் பதிய நினைப்பவர்களுக்கு வேண்டியது இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு. மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31உடன் முடிந்தது. இப்போது மைடிவி என்ற இலவச டிஜிட்டல் சேவை வழியாக வருவது டிவிபி-டி2 என்ற தொழில்நுட்ப வகை. டிவிக்குள் இருக்கும் ட்யூனரும் டி2 வகையாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிவியிலும் பழைய டிவியிலும் வெறும் டி வகை மட்டும் இருந்தால் ஒரு அலைவரிசையும் கிடைக்காது. ட்யூனர் சரியாக இருந்தால் டிவி1, டிவி2, டிவி3 எல்லாம் சந்தா இல்லாமல் வரும். டிவி2இல் தமிழ்ச் செய்தி, தீபாவளி சிறப்பு நிகழ்ச்சிகள் எல்லாம் இந்த வழியில் பதியத் தக்கவை. மின்னல் எஃப்எம் வானொலியும் இதே ஏரியலில் கிடைக்கும். ஆனால் வானொலியைப் பதிய பல டிவிகள் விடுவதில்லை.

கடையில் பார்க்கும்போது, பெட்டியின் மேல் ‘ஸ்மார்ட்’ என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புதிய மாடல்கள் பலவற்றில் பதிவு வசதியையே எடுத்துவிட்டார்கள். ஒரே மாடல் பெயர், கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறு என்றால் ஒரு நாட்டில் வசதி இருக்கும், இன்னொரு நாட்டில் இருக்காது. இணையத்தில் ஐரோப்பியர் ஒருவர் போட்ட வீடியோவை நம்பி ஜார்ஜ்டவுன் கோம்தார் கடைகள் பக்கம் போய் வாங்குவது வீண் வேலை. நம் ஊரில் விற்கும் மாடலின் முழு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் கையேட்டில் பிவிஆர் (பதிவு வசதி), டைம்ஷிப்ட் (நேரலையை நிறுத்திவைப்பது), ரெக்கார்டிங் என்ற சொற்களைத் தேடுங்கள். எல்ஜியில் இதற்கு டைம் மெஷின் என்று பெயர். கடையில் ஏரியல் இணைத்த டிவி இருந்தால் இன்னும் நல்லது. நேரலை ஓடும்போது நிறுத்தும் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். ‘யூஎஸ்பி சாதனத்தை இணைக்கவும்’ என்று வந்தால் வசதி இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது டிஸ்க். நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டில் கிடக்கும் பென்டிரைவைச் செருகினால் போதும் என்று நினைப்பது இயல்பு. நேரலையை நிறுத்திவைப்பது டிஸ்க்குக்குக் கடினமான வேலை. ஒரு பக்கம் வந்துகொண்டிருப்பதை எழுத வேண்டும், அதே நேரத்தில் சற்று முன் எழுதியதைப் படித்துத் திரைக்குக் கொடுக்க வேண்டும். மலிவான பென்டிரைவ் முதல் சில ஜிபி வரை வேகமாக எழுதும், பிறகு தடாலென்று வேகம் விழும். படம் திக்கித் திணறுவது, பேச்சு வெட்டுப்படுவது, இருபது நிமிடம் ஓடியதும் ‘சாதனத்தின் வேகம் போதாது’ என்ற செய்தி வருவது எல்லாம் இதனால்தான். சில டிவிகள் டிஸ்க்கைச் செருகியவுடனே வேகத்தைச் சோதித்துப் பார்க்கும். ஆனால் அந்தச் சோதனை சில விநாடிகள்தான். அதில் தேறிய பென்டிரைவ் அரைமணி நேரம் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தேய்மானம் இன்னொரு பக்கம். சில டிவிகளில் டைம்ஷிப்ட் எப்போதும் இயங்கும்படி ஓர் அமைப்பு உண்டு. நீங்கள் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் பின்னால் எழுதிக்கொண்டே இருக்கும். நாளைக்கு 6 மணி நேரம் டிவி ஓடினால், மணிக்கு 3.6 ஜிபி கணக்கில் 21.6 ஜிபி. மாதத்துக்கு ஏறக்குறைய 650 ஜிபி. 64 ஜிபி பென்டிரைவாக இருந்தால் மாதம் பத்து முறை முழுசாக அழித்து எழுதுகிறோம். டிவியின் பின்பக்கச் சூட்டில், காற்றோட்டமில்லாத சுவர் இடுக்கில், இப்படி ஓடும் பென்டிரைவ் நீண்ட நாள் வராது. அந்த அமைப்பு இருந்தால் அணைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் நிறுத்திக்கொள்வதே நல்லது.

என் பரிந்துரை 500 ஜிபி வெளிப்புற எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத டிஸ்க். அதே கணக்கில் எச்டி நிகழ்ச்சிகளே 130 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதிர்வு இல்லை, சத்தம் இல்லை. சுழலும் வகை ஹார்ட்டிஸ்க்கும் இந்த வேலைக்கு நன்றாகவே உழைக்கும், விலையும் குறைவு. ஆனால் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய அளவு 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900. கையடக்க ஹார்ட்டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடியில் இதைவிட அதிகமாகக் கேட்கும். கிடைக்காவிட்டால் ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், டிவி அதைக் கண்டுகொள்ளாது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே பிடுங்கிவிடுங்கள். விட்டுவைத்தால் டிஸ்க் கெடும். டிவியின் பின்னால் எச்டிடி என்று எழுதிய போர்ட் இருந்தால் அதில் மாற்றிச் செருகுங்கள். இல்லாவிட்டால் தனி அடாப்டர் உள்ள டிஸ்க்தான் வழி. நடுவில் யூஎஸ்பி ஹப் வைப்பதைப் பல டிவிகள் ஏற்பதில்லை, நேராகச் செருகுவதே உறுதியானது.

முதல்முறை செருகும்போது டிவி அந்த டிஸ்க்கைத் தனக்கேற்றபடி ஃபார்மேட் செய்யக் கேட்கும். சம்மதித்தால் அதில் இருந்த எல்லாம் அழியும். கல்யாண வீடியோ இருக்கும் டிஸ்க்கை இதற்குக் கொடுக்கவே கூடாது. ஃபார்மேட் ஆனபின் அதைக் கணினியில் செருகினால், விண்டோஸுக்கு அந்த வகைக் கோப்பமைப்பு (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) புரியாது. ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா’ என்று அதுவும் கேட்கும். வீட்டில் யாராவது தெரியாமல் சரி என்று அழுத்தினால் பதிவுகள் போயின. டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ‘டிவிக்கு மட்டும்’ என்று எழுதிவையுங்கள். சாதாரண வேலைதான், ஆனால் பலன் பெரிது.

ஒரு விஷயத்தை முன்பே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டிவி பதிவது அந்த டிவிக்கு மட்டுமே திறக்கும் பூட்டோடு பதியப்படுகிறது. அதே கம்பெனி, அதே மாடல் என்றாலும் அண்ணன் வீட்டு டிவியில் ஓடாது. டிவி பழுதாகி உள்ளே மெயின் போர்டு மாற்றினால் சாவி பழைய போர்டோடு போய்விடும், டிஸ்க் நன்றாக இருந்தாலும் பதிவு திறக்காது. ஆகவே பிள்ளை மேடையேறி ஆடிய நிகழ்ச்சி போல எப்போதும் வேண்டிய ஒன்றை டிவி டிஸ்க்கில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து. அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இனி பயன்படுத்தும் முறை. நேரலையில் நிறுத்தும் பட்டனை அழுத்தினால் படம் உறையும், டிஸ்க்கில் எழுத்து தொடங்கும். ரிமோட்டில் அந்தப் பட்டன் இல்லாத மாடல்களில், ஓகே பட்டனையோ நடுப் பட்டனையோ அழுத்தினால் திரையின் கீழே ஒரு பட்டை வரும், அதில் இருக்கும். எவ்வளவு நேரம் நிறுத்திவைக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. பல டிவிகளில் அது 90 நிமிடத்திலிருந்து 2 மணி நேரம் வரை. எல்லையைத் தாண்டினால் பழையது அழிந்து புதியது அதன்மேல் எழுதப்படும், அல்லது படம் தானாக ஓடத் தொடங்கிவிடும். டிஸ்க்கில் 400 ஜிபி காலியாக இருந்தாலும் இந்த எல்லை மாறாது. நீண்ட நேரம் வெளியே போவதாக இருந்தால் நிறுத்திவைக்காதீர்கள், பதிவு பட்டனை அழுத்திவிட்டுப் போங்கள்.

நிறுத்திவைத்தது தற்காலிகமானது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைக்க வேண்டும். அலைவரிசையை மாற்றினால் போய்விடும். எச்டிஎம்ஐக்கு மாற்றினால் போய்விடும். யூடியூப் திறந்தால், டிவியை அணைத்தால், எல்லாம் அதே கதை. பந்து விளையாட்டின் நடுவில் நிறுத்திவிட்டு அப்பா சாப்பிடப் போன நேரத்தில் பிள்ளை ஒரு பட்டனை அழுத்தினால் அந்த அரைமணி நேரம் திரும்பி வராது.

ட்யூனர் ஒன்றே ஒன்று என்றால், ஒன்றைப் பதிந்துகொண்டே இன்னொரு அலைவரிசையைப் பார்க்க முடியாது. சில மாடல்கள், பதியும் அலைவரிசையோடு ஒரே அலையில் தொகுப்பாகச் சேர்ந்து வரும் மற்ற அலைவரிசைகளை மட்டும் பார்க்க விடும். டிவி2ஐப் பதியும்போது டிவி1 திறக்கிறது, வேறொன்று திறக்கவில்லை என்றால் காரணம் இதுதான். செயற்கைக்கோள் பெட்டியையோ நெட்பிளிக்ஸையோ பார்ப்பதற்குப் பெரும்பாலான டிவிகளில் தடையில்லை, அவற்றுக்கு ட்யூனர் தேவையில்லையே.

நேரம் குறித்துப் பதிவதில் தவறுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, சுவர் சுவிட்ச். தூங்கப் போகும்முன் பிளக்கின் சுவிட்சை அணைப்பது நம் வீடுகளில் பழகிப்போன வழக்கம், இடி மின்னல் ஊரில் நல்ல வழக்கமும்கூட. ஆனால் டிவி தானாக விழித்துப் பதிய, ஸ்டாண்ட்பையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் என்றால் அதன் சுவிட்சும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, டிவியின் கடிகாரம். அது ஒளிபரப்பிலிருந்து தானாக நேரம் எடுக்கும், ஆனால் அமைப்பில் நாடு மலேசியா என்று இருக்க வேண்டும். வேறு நாடு தேர்ந்திருந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே பின்னே போகும், பதிவும் அதோடு போகும். மூன்றாவது, நிகழ்ச்சி இழுப்பது. நேரலைகள் குறித்த நேரத்தில் முடிவது அரிது. நோன்பு மாதத்தில் நிகழ்ச்சி நேரங்களே மாறும். வழிகாட்டியைத் திறந்து நிகழ்ச்சியின்மேல் அழுத்திப் பதியலாம், ஆனால் வழிகாட்டி எப்போதும் முழுமையாக இருப்பதில்லை. நான் விரும்புவது கையால் குறிக்கும் முறையைத்தான்: அலைவரிசை, தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம். தொடக்கத்தில் 5 நிமிடம் முன்னதாக, முடிவில் 15 நிமிடம் கூடுதலாக. அந்த 20 நிமிடத்துக்குச் செலவாவது 1.2 ஜிபிதான். கடைசிக் காட்சி வெட்டுப்படுவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஏரியலைப் பற்றி. நேரலையில் ஒரு நொடி கட்டம் கட்டமாகத் தெறித்தால் மறந்துவிடுவோம். பதிவில் அந்தக் கறை நிரந்தரமாக நிற்கும். டிவி அமைப்பில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் வலிமை, தரம் என்று இரண்டு அளவுகள் இருக்கும். பார்க்க வேண்டியது தரத்தை. வலிமை 90 காட்டி, தரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பதிவு கெடும். பினாங்கின் வடகிழக்குக் கரைக்கும் பட்டர்வொர்த் பக்கத்துக்கும் கெடாவில் இருக்கும் குனோங் ஜெராய் நல்ல திசை. வானம் தெளிந்த நாளில் கடலுக்கு அப்பால் அந்த மலையே கண்ணுக்குத் தெரியும். பாலேக் பூலாவ், ஆயர் ஈத்தாம் உள்பகுதிகளில் தீவின் மலைகள் நடுவில் நிற்பதால், அக்கம்பக்கத்துக் கூரை ஏரியல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனித்துத் திருப்புவதே நடைமுறை வழி. வீட்டுக்குள் வைக்கும் சிறிய ஏரியல் மின்சாரம் தேவைப்படும் வகையாக இருந்தால், டிவி அமைப்பில் ஏரியலுக்கு 5 வோல்ட் என்ற ஒன்று இருக்கும், அதை இயக்க வேண்டும்.

சாயங்கால மழை நேரத்தில் இந்த முறைக்குப் பெரிய சாதகம் ஒன்று உண்டு. வீட்டுச் செயற்கைக்கோள் தட்டுக்கு வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலை. கனமழையில் அது பாதி வழியிலேயே தேய்ந்துவிடும், படமும் போய்விடும். கூரை ஏரியலுக்கு வருவது 1 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைவான அலை, மழை அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. மழையில் கூரை ஏரியல் படமும் கெடுகிறது என்றால் பழி மழைமேல் இல்லை. ஏரியலில் வயர் சேரும் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கும். அந்த நுனியை வெட்டி எறிந்து, உள்ளிருக்கும் செம்பு பளபளவென்று தெரியும் வரை வயரை உரித்து, புது இணைப்பி போட்டு, மேலே நீர்புகாத டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் தங்கும்.

டிவியில் பதிவு வசதி இல்லாதவர்கள் புது டிவி வாங்க வேண்டியதில்லை. யூஎஸ்பி பதிவு உள்ள டிவிபி-டி2 டிகோடர் ஒன்றை ஏரியலுக்கும் டிவிக்கும் நடுவில் வைத்தால் போதும். எப்போதும் வேண்டியதற்கு வேறு வழி இருக்கிறது என்றேனே, அதுவும் இதுதான். இந்த டிகோடர்களில் பல, பூட்டு எதுவும் போடாமல் டிஎஸ் என்ற சாதாரண வீடியோ கோப்பாக எழுதுகின்றன. டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் செருகி விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டலாம், நகல் எடுத்து வைக்கலாம். வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு நிமிடம் பதியச் சொல்லி, அதே பென்டிரைவைக் கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள்.

டிகோடரில் கவனிக்க வேண்டியது கோப்பமைப்பு. எக்ஸ்ஃபேட் என்ற வகை பெரும்பாலும் ஓடாது. ஃபேட்32 என்ற வகை ஓடும், ஆனால் அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட எச்டி நிகழ்ச்சி இரண்டு மூன்று துண்டாக வரும். டிகோடரே அவற்றைச் சேர்த்து ஓட்டும், கணினியில் நீங்கள் வரிசையாகத் திறக்க வேண்டும். நகல் எடுக்கும்போது எல்லாத் துண்டையும் எடுங்கள், முதல் துண்டை மட்டும் எடுத்துவிட்டு டிஸ்க்கை அழிப்பவர்கள் உண்டு. ஃபார்மேட்டை டிகோடரின் மெனுவிலேயே செய்வது நல்லது. பல ஆண்டுகளாக விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஃபேட்32 தந்ததில்லை.

டிஸ்க் நிறைந்தால் என்ன ஆகும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். சில டிவிகள் பதிவை அப்படியே நிறுத்திவிடும். சில, பழைய பதிவுகளைத் தாமாக அழித்து இடம் பண்ணும். இரண்டாவது வகை என்றால் பதிவுப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ‘பாதுகாப்பு’ அல்லது பூட்டுச் சின்னம் ஒன்று இருக்கும். அம்மா திரும்பப் பார்க்கக் கேட்டதற்கெல்லாம் அந்தப் பூட்டைப் போட்டுவிடுங்கள். தீபாவளி வாரம் தொடங்குமுன் பட்டியலைத் திறந்து, பார்த்து முடித்தவற்றை அழித்து, குறைந்தது 100 ஜிபி காலியாக வைத்திருந்தால் அந்த வாரத்துச் சிறப்பு நிகழ்ச்சிகள் 27 மணி நேரத்துக்குத் தாராளமாக அடங்கும்.